ஆராய்ச்சி மணியும் ஆட்கொணர்வு மனுவும்

அமெரிக்க அதிபருக்கும் சட்டத்துக்கும் பூசல் மூளும்போதெல்லாம் நம் ஊர் மேடைகளுக்கு ஒரு பழைய பசு ஓட்டிவரப்படுகிறது. நிக்சன் பதவி விலகிய கதையைப் பேசினாலும் அது வரும். பதவியில் இருந்தபோது செய்த அலுவல் சார்ந்த செயல்களுக்காக முன்னாள் அதிபர்மீது குற்ற வழக்குத் தொடர்வதற்குப் பெரிய தடுப்புச்சுவர் எழுப்பி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 1 அன்று அளித்த தீர்ப்பைப் பேசினாலும் அது வரும். 'சட்டத்துக்கு மேல் எவருமில்லை என்பதை மேலைநாட்டார் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். நாமோ ஒரு கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மரபினர்' என்று பேச்சாளர் முடிப்பார். கை தட்டல் எழும். கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை எந்த இலக்கிய மன்றத் தொடக்க விழாவுக்குப் போனாலும் மனுநீதிச் சோழனும், பொற்கைப் பாண்டியனும், கோலின் வளைவை உயிர் கொடுத்து நிமிர்த்திய நெடுஞ்செழியனும் அணிவகுத்து வருவார்கள். கல்லூரி ஆண்டு மலர்களில் இப்பொருளில் கட்டுரை இல்லாத ஆண்டு குறைவு.

இருபது ஆண்டுகளாக இந்நூல்களை வகுப்பறையில் நடத்திவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வாதம் பிழையானது. வெறும் பிழையாக இருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. இது தீங்கும் செய்கிறது. ஆள்வோனின் மனச்சான்றைச் சட்டத்தின் ஆட்சி என்று நம் மாணவர்களை நம்பவைக்கிறது. பின்னாளில் அவர்கள் குடிமக்களாக நின்று கேட்கவேண்டிய கேள்வியை அவர்கள் வாயிலிருந்து முன்கூட்டியே பிடுங்கிவிடுகிறது.

*

முதலில் பசுவின் கதைக்கே வருவோம். அதை விரிவாகச் சொல்பவர் சேக்கிழார். தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் பெரியபுராணம் அரங்கேறியது என்பது மரபு. ஆக இக்கதைக்குச் சிதம்பரத்துக்காரர்கள் தனி உரிமை கொண்டாடுவதில் வியப்பில்லை. ஆனால் உரிமை கொண்டாடுபவர்கள் நூலைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

திருநகரச் சிறப்பில் என்ன நடக்கிறது? இளவரசன் தேரில் போகிறான். அவன் அறியாமல் ஒரு கன்று சக்கரத்தில் புகுந்து இறக்கிறது. தாய்ப்பசு வந்து மணியை அசைக்கிறது. அமைச்சர்கள் அரசனிடம் ஒரு வழி சொல்கிறார்கள்: பசுவைக் கொன்றவர்க்கு நூல்கள் விதித்த கழுவாய் ஒன்று உண்டு, இளவரசனை அதைச் செய்யவைப்பதே அறம். அரசன் மறுக்கிறான். என் மகன் கொன்றால் கழுவாய், பிறன் கொன்றால் கொலைத்தண்டனை என்றால் அது நீதியாகுமா என்று கேட்கிறான். அமைச்சர்கள் மேலும் மன்றாடுகிறார்கள்; இதற்காக மகனைக் கொல்வது வழக்கில் இல்லை என்கிறார்கள். அரசன் இணங்கவில்லை. தேரைச் செலுத்துமாறு ஓர் அமைச்சனை ஏவுகிறான். அந்த அமைச்சன் அப்பழியைச் செய்ய மனமின்றித் தன் உயிரைப் போக்கிக்கொள்கிறான். அதன்பின் அரசனே தேரை ஓட்டுகிறான்.

அரசன் கேட்ட கேள்வியில் ஓர் உயர்ந்த பொருள் இருக்கிறது. தன் மகனுக்கும் பிறன் மகனுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்கிறான். சமத்துவம் பேசும் எவரும் அதை வணங்கலாம், நானும் வணங்குகிறேன். ஆனால் கதையின் அமைப்பைக் கவனியுங்கள். விதியும் வழக்கும் ஒரு பக்கம் நிற்கின்றன. அரசனின் உள்ளம் மறுபக்கம் நிற்கிறது. இரண்டுக்கும் நடந்த பூசலில் அரசனின் உள்ளமே வெல்கிறது. அறியாமல் செய்ததற்கும் அறிந்து செய்ததற்கும் வேறுபாடு உண்டா என்று நடுநின்று தீர்க்க அங்கே எவரும் இல்லை. இளவரசனை எவரும் விசாரிக்கவில்லை. அரசன் வேறுவிதமாக முடிவெடுத்திருந்தால், பசு மணியை அறுந்துபோகும் மட்டும் அடித்திருந்தாலும் அவனை வற்புறுத்தும் ஆற்றல் அந்நாட்டில் எவருக்கும் இருந்திருக்காது. சட்டம் அரசனை ஆண்டது என்பதற்கு இக்கதை சான்றாகாது. சட்டத்தின் இடத்தில் அரசன் தன் அறவுணர்வை நட்டுவைத்தான் என்பதற்கே சான்று.

அந்த அமைச்சனை யாரும் நினைப்பதில்லை. கன்றுக்கு ஒரு கதை, இளவரசனுக்கு ஒரு கதை, அரசனுக்கு ஒரு காப்பியம். குற்றம் எதுவும் செய்யாமல், ஓர் ஆணைக்கும் தன் மனச்சான்றுக்கும் இடையே நசுங்கிச் செத்தவனுக்குப் பெயர்கூட இல்லை. சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் சேக்கிழார் என்பதை நினைக்கும்போது, அவ்விடத்தை அவர் எந்த மனநிலையோடு எழுதினாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. நம் பேச்சாளர்கள் அந்த இடத்தை அவசரமாகக் கடந்துபோய்விடுகிறார்கள்.

*

சிலம்பு இதைவிட நுட்பமான நூல். அதில் உண்மையான ஒரு வழக்காளி இருக்கிறாள். கண்ணகி அரசவைக்குக் கருணை கேட்டுப் போகவில்லை. சான்றோடு போகிறாள். எதிர்த்தரப்பின் சிலம்பில் இருப்பது என்ன, தன் சிலம்பில் இருப்பது என்ன என்று இருதரப்பும் முன்கூட்டியே உரைத்த பின்பு பொருள் உடைக்கப்படுகிறது. முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. உலக இலக்கியத்தில் இவ்வளவு தெளிவான ஒரு சான்று விசாரணையை நான் அதிகம் படித்ததில்லை. அரசன் தோற்றான், தோல்வியை ஒப்புக்கொண்டு வீழ்ந்தான். இதுவரை மேடைகளில் கேட்டிருக்கிறோம்.

கேட்காத பகுதி இரண்டு. ஒன்று, இந்த விசாரணை நடக்கும்போது கோவலன் உயிரோடு இல்லை. தேவியின் ஊடலைத் தணிக்கப் போய்க்கொண்டிருந்த அரசன், வழியில் ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லைக் கேட்டு, நின்ற நிலையிலேயே ஆணை பிறப்பித்தான். குற்றம் சாட்டப்பட்டவன் வாய் திறக்க ஒரு நாழிகை கிடைத்திருந்தால் காப்பியமே இல்லை. அரசனின் மரணம் கோவலனைத் திருப்பித் தரவில்லை.

இரண்டாவது, அதன்பின் நடந்தவை. மதுரை எரிந்தது. தீயவர் பக்கம் மட்டும் சேர்க என்று கண்ணகி தீக்கு ஆணையிட்டாள் என்கிறது நூல். யார் தீயவர் என்று வீடு வீடாக விசாரித்தவர் யார்? அதோடும் முடியவில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று பலியிட்டான் என்றும் அதே நூல் சொல்கிறது. ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான். ஆயிரம் பொற்கொல்லர் செத்தார்கள். செங்கோல் பற்றிப் பேசும் எந்த விழாவிலும் இந்த ஆயிரம் பேருக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

இலக்கியத்தை இன்றைய அரசமைப்புச் சட்டத்தால் அளக்கலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் இலக்கியத்தை அளக்கவில்லை. இளங்கோவும் சேக்கிழாரும் தங்கள் உலகின் துயரத்தை மறைக்காமல் எழுதியவர்கள். அமைச்சனையும் ஆயிரம் பேரையும் விட்டுவிடாமல் பதிவு செய்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் எழுதியதில் பாதியை மறைத்து, மீதியைக் கொண்டு இன்றைய சட்டத்தை அளப்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

*

காப்பியம் கற்பனை கலந்தது என்று தள்ளுவோருக்குக் கல்லில் வெட்டிய ஒன்றைக் காட்டலாம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் அதிக தூரமில்லை. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லும் கல்வெட்டு அது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணையைப் பற்றிப் பேசுகிறது.

கல்கி 1950இல் பொன்னியின் செல்வனைத் தொடங்கியது இதே வீரநாராயண ஏரிக்கரையில்தான். அன்றுமுதல் இக்கல்வெட்டைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரே கேள்விதான்: கொன்றது யார்? உத்தம சோழனுக்குப் பங்கு உண்டா, இல்லையா? இராசராசன் ஏன் தாமதமாக நடவடிக்கை எடுத்தான், அல்லது தாமதம் இல்லையா? நீலகண்ட சாஸ்திரியார் தொடங்கி அறிஞர் பலர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2022இலும் 2023இலும் படங்கள் வந்தபோது தேநீர்க் கடைகளில்கூட இந்த விவாதம் நடந்தது. நல்லதுதான்.

கல்வெட்டு உண்மையில் பேசுவது என்ன? சொத்துப் பறிமுதலைப் பற்றி. யாருடைய சொத்து? கொலையாளிகளுடையது மட்டுமா? அவர்களுடைய பிள்ளைகள், பெரியப்பன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமனார், அவர்களுடைய சகோதரிகளை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் ஓர் உறவுமுறை அகராதி போல நீள்கிறது. கொலையாளியின் தங்கையைக் கட்டியவன் என்பதே ஒருவன் நிலத்தை இழக்கப் போதுமானதாக இருந்தது. அவன் சதியை அறிந்திருந்தானா என்ற கேள்வி அக்கல்லில் இல்லை.

இத்தனைக்கும் ஆணையிட்டவன் கொடுங்கோலன் அல்லன். நிலத்தை அளந்தவன், தஞ்சைப் பெருங்கோயிலை எழுப்பியவன், நாம் ஆண்டுதோறும் சதய விழா எடுக்கும் மாமன்னன். மனுநீதிக் கதையைப் பேசும் மேடைக்கும் இக்கல்வெட்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான் இருக்கிறது. ஆள்பவனின் அறவுணர்வையே நம்பி வாழும் நாட்டில், அவ்வுணர்வு ஒரு நாள் தன் மகனைத் தேர்க்காலில் இடும். மறுநாள் மாற்றான் மகளை மணந்தவனின் வயலைப் பிடுங்கும். இரண்டையும் செய்வது ஒரே கைதான்.

'அது பழங்காலம்' என்று சொல்லிவிட முடியாது. வட மாநிலங்கள் சிலவற்றில் குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை மறுநாளே இயந்திரம் கொண்டு இடித்துத் தள்ளுவது அண்மைக்காலத்தில் ஆட்சித் திறமையாகக் கொண்டாடப்பட்டது. அந்த வீட்டில் அவருடைய தாயும் இருந்தாள், பள்ளிக்குப் போகும் குழந்தையும் இருந்தது. நிர்வாகம் நீதிபதியாக முடியாது, குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக வீட்டை இடிக்கலாகாது, முன்னறிவிப்புக் கொடுத்துப் பதினைந்து நாளாவது பொறுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பர் 13 அன்று. உடையார்குடிக் கல்வெட்டுக்கு விடை கிடைக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது என்று இதை நான் வாசித்தேன். நம் இலக்கிய இதழ்களில் இதை இப்படி வாசித்த ஒரு கட்டுரையையும் நான் பார்க்கவில்லை.

*

இனி அமெரிக்காவுக்குப் போகலாம். அங்கே நல்லவர்களால் நிறைந்த வரலாறு இருக்கிறது என்று சொல்வதற்காக அன்று. நல்லவன் ஆண்டால் போதும் என்ற நம் நம்பிக்கையைச் சோதிக்க அந்நாட்டு வரலாற்றைவிடப் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது.

லிங்கனை எடுத்துக்கொள்வோம். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஆட்கொணர்வு உரிமையை அவர் சில பகுதிகளில் நிறுத்திவைத்தார். ஆட்கொணர்வு என்பது எளிய ஒரு கேள்வி: நீ பிடித்து வைத்திருக்கும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய் என்று சொல். மேரிலாந்தைச் சேர்ந்த மெரிமன் என்பவரைப் படை பிடித்துக் கோட்டையில் அடைத்தது. தலைமை நீதிபதி டானி ஆளைக் கொண்டுவரச் சொன்னார். கோட்டைத் தளபதி கொண்டுவரவில்லை. அந்த உரிமையை நிறுத்திவைக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே உண்டு, அதிபருக்கு இல்லை என்று டானி எழுதினார். லிங்கன் பணியவில்லை. ஒரு சட்டத்தைக் காப்பதற்காக மற்றெல்லாச் சட்டங்களும் சிதையவிடலாமா என்ற பொருள்படச் சட்டமன்றத்தைக் கேட்டார்.

இதில் நாம் யார் பக்கம் நிற்பது? லிங்கன் அடிமைத்தளையை உடைத்தவர். டானியோ, கறுப்பினத்தார் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1857இல் தீர்ப்பெழுதியவர். மனிதர்களை வைத்து முடிவெடுத்தால் தயக்கமே வேண்டாம். ஆனால் கேட்கப்பட்ட கேள்வியை வைத்துப் பார்த்தால், அன்று டானி சொன்னதே சரி என்பது என் முடிவு. நல்ல அதிபர் திறந்துவைத்த கதவு அவருக்குப் பின் வரும் கெட்ட அதிபருக்கும் திறந்தே இருக்கும். இந்தக் கசப்பை விழுங்கப் பழகாத ஒருவருக்குச் சட்டத்தின் ஆட்சி என்ற தொடரை உச்சரிக்கும் தகுதி இன்னும் வரவில்லை. 1863இல் சட்டமன்றம் தானே அதிபருக்கு அந்த அதிகாரத்தை வழங்கிச் சட்டம் இயற்றியது. பொதுமக்களுக்கான நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமகனைப் படை நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்க முடியாது என்று 1866இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது போரும் முடிந்திருந்தது, லிங்கனும் இல்லை.

ரூசவெல்ட்டும் மக்களின் அன்புக்கு உரியவராக இருந்தவர். அவர் 1942 பிப்ரவரியில் இட்ட ஆணையின் விளைவாகச் சப்பானிய வழிவந்த ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மிட்சுயே எண்டோ என்ற தட்டச்சர் ஒருவர் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கைக் கைவிட வைப்பதற்காக, மேற்குக் கரைக்குத் திரும்பாமல் வேறெங்காவது போவதானால் விடுவிக்கிறோம் என்று அரசு சொன்னது. அவர் மறுத்துவிட்டார். வெளியே போனால் மனு உயிரிழந்துவிடும் என்பதற்காக முள்வேலிக்குள்ளேயே இருந்தார். 1944 டிசம்பர் 18 அன்று, நாட்டுப்பற்றில் ஐயமில்லாத குடிமகளை அரசு அடைத்துவைக்க முடியாது என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதே நாளில், வெளியேற்ற ஆணையையே எதிர்த்த கோரமட்சு என்பவரின் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் அரசின் பக்கம் சாய்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நீதிமன்றம் தெய்வமன்று. ஆனால் எண்டோவின் மனுவுக்கு அரசு பதில் சொல்லியாகவேண்டியிருந்தது.

ட்ரூமன் 1952 ஏப்ரலில் எஃகு ஆலைகளை அரசின் கையில் எடுத்தார். ஜூன் 2 அன்று செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் திருப்பிக் கொடுத்தார். நிக்சன் ஒலிநாடாக்களை மறைத்தார். 1974 ஜூலை 24 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அவர்களில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். ஆகஸ்டு 9 அன்று அவர் பதவி விலகினார். இவர்கள் இருவரும் மனுநீதிச் சோழர்கள் அல்லர். நிக்சனின் மனச்சான்றைப் பற்றி எவரும் காப்பியம் பாடமாட்டார்கள். பணிந்தார்கள், அவ்வளவுதான். பணியாமல் இருக்க முடியாதபடி மன்றமும் இதழ்களும் சட்டமன்றமும் சூழ்ந்து நின்றன. அறவுணர்வு இல்லாதவனையும் பணியவைப்பதற்காகத்தான் சட்டம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தோம். அந்தச் சூழ்ச்சுவரில் ஒரு பெரிய செங்கல்லை 2024இன் தீர்ப்பு உருவிவிட்டது என்பதே என் வருத்தம். பசுவை ஓட்டிவந்து மகிழ அதில் ஒன்றுமில்லை.

*

மகிழத் தகுதியும் நமக்கில்லை. நிக்சன் விலகிய பத்தாவது மாதம், 1975 ஜூன் 12 அன்று, அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றார். ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடி அதை ஏற்றது மறுநாள் காலையில். முதலில் கையெழுத்து, பிறகு கலந்தாய்வு. ஆகஸ்டில் பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்கள் தொடமுடியாதபடி 39ஆம் திருத்தம் வந்தது. அதே மாதம் குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர் ஆகியோர்மீது வாழ்நாள் முழுதும் குற்ற வழக்கே தொடரமுடியாதபடி இன்னொரு திருத்த மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறாமல் போனது நம் நல்லூழ். அமெரிக்காவின் 2024ஐப் பார்த்துச் சிரிப்பவர்கள் நம்முடைய 1975ஐ ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும்.

1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பு வந்தது. நெருக்கடிநிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று நால்வர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். காவலர் ஒருவர் பகைமையால் ஒரு மனிதனைக் கொன்றாலும் நீதிமன்றம் கேட்கமுடியாதா என்று விசாரணையின்போது அவர் கேட்டிருந்தார். நெருக்கடிநிலை உள்ளவரை முடியாது என்பதே அரசுத் தலைமை வழக்கறிஞரின் விடை. நெடுஞ்செழியன்கூடக் கண்ணகியை உள்ளே வரவிடச் சொன்னான். நம் குடியரசு அன்று வாயிலையே மூடிவிட்டது. கன்னா 1977 சனவரியில் தலைமை நீதிபதிப் பதவியை இழந்தார். அவருக்குப் பின் நின்றவருக்கு அது போயிற்று. உயிர்வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது என்பதையும், அமைச்சரவையின் எழுத்துவழி முடிவு இன்றிக் குடியரசுத் தலைவர் நெருக்கடிநிலையை அறிவிக்கக் கூடாது என்பதையும் 44ஆம் திருத்தம் பின்னர் உறுதிசெய்தது. ஜபல்பூர் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தள்ளியது 2017 ஆகஸ்டில்.

தமிழகத்தில் 1976 சனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையத்தின் தலைவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில். சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தவர் என்று இலக்கிய வாசகர்கள் அவரை அறிவார்கள். வாலிவதையைப் பற்றி அவர் பேசியதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். சிறைக் கொட்டடியில் நடந்த வதையைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையை எத்தனை பேர் தேடிப் படித்திருக்கிறோம்? ஒரே மனிதரின் இரண்டு பணிகளில் நாம் எதைக் கொண்டாடுகிறோம் என்பதில் நம் இலக்கிய உலகின் நோய் இருக்கிறது.

*

கடைசியாக நம் வாசலுக்கு வருகிறேன். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்து ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் வந்த பாரதியைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். ஏறத்தாழ மூன்றரை வாரம். குற்றச்சாட்டு விசாரிக்கப்படவில்லை, தண்டனை விதிக்கப்படவில்லை. பெரிய மனிதர்கள் தலையிட்டுப் பேசியதாலும், இன்ன இடத்தில்தான் இருப்பேன் என்பது போன்ற நிபந்தனைகளுக்கு உடன்பட்டதாலும் வெளியே வந்தார். அவருக்குப் பரிந்து பேச ஆள் இருந்தது. அதே சிறையில் அதே மாதம் பெயரில்லாத எத்தனை பேர் இருந்தார்களோ! பாரதி கடலூர்ச் சிறையில் இருந்ததைப் பெருமையாகப் பேசும் நாம், விசாரணையின்றி ஒருவனை அடைக்கலாம் என்ற அந்த அதிகாரத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

அந்த அதிகாரம் வெள்ளையரோடு கப்பலேறவில்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் இருக்கிறது. மக்கள் வழக்கில் குண்டர் சட்டம். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஒரு தாளில் கையெழுத்திட்டால் ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்துவைக்கலாம். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரைக் கொண்டு வாதிடும் உரிமைகூட அவருக்குக் கிடையாது. எம்.ஜி.ஆர் காலத்தில் வந்த இச்சட்டத்தைப் பின்வந்த எந்த ஆட்சியும் கைவிடவில்லை; வட்டத்தை விரிக்கவே செய்தன. ஈழப்போரில் இறந்தோர்க்கு மெரினாவில் நினைவேந்தல் நடத்த முயன்றதற்காக 2017இல் திருமுருகன் காந்தி இச்சட்டத்தில் அடைக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்க நான்கு மாதம் ஆயிற்று. 2023 நவம்பரில் செய்யாற்றுப் பக்கம் மேல்மாவில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த உழவர் ஏழு பேர்மீது இச்சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அறுவர் மீதான ஆணையை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. குடும்பத்தார் வேண்டியதை முதலமைச்சர் ஏற்றார் என்று செய்தி வந்தது. கவனியுங்கள்: மணி அடித்தது, மன்னன் இரங்கினான். ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. ஆராய்ச்சி மணி மட்டும் அப்படியே தொங்குகிறது. மறுக்க முடியாத உரிமையாகக் கிடைக்கவேண்டியது கருணையாகக் கிடைத்ததற்கு நாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் மாவட்டத்தில் இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றும் உண்டு. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஓர் எளிய குறவர் குலத்து மனிதர் திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டான் என்றது காவல்துறை. அவர் மனைவி எழுத்தறியாதவர். வழக்கறிஞர் சந்துருவின் துணையோடு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த மனிதர் அப்போது உயிரோடு இல்லை; கோவலனைப்போல அங்கும் காலம் கடந்துவிட்டிருந்தது. ஆயினும் ஆளைக் கொண்டுவா என்ற அந்தக் கேள்வியிலிருந்து அரசால் நழுவ முடியவில்லை. பல ஆண்டுகள் இழுத்தடித்தாலும், பொய் உடைந்தது. குற்றம் செய்த காவலர்கள் பெயர் பெயராகத் தண்டனை பெற்றார்கள். அதற்காக எந்த நகரமும் எரியவில்லை. காவலரின் மனைவி மக்களை எவரும் பலியிடவில்லை. அவர்களுடைய தங்கையைக் கட்டியவரின் நிலத்தை எவரும் பிடுங்கவில்லை. 2021இல் ஒரு திரைப்படம் வந்த பிறகே இந்த வழக்கு நம் இலக்கிய உலகின் கண்ணில் பட்டது என்பது நமக்கு வெட்கம்.

கண்ணகிக்குக் கோட்டம் எடுத்த மரபு நம்முடையது. அரசனின் வாயிலில் வந்து பதில் கேட்ட அந்தக் குரலை அப்படியே சட்டத்துக்குள் வைத்துக்கொள்ளும் வழிதான் ஆட்கொணர்வு மனு. அதை அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் சிலம்பை அறியாதவர்கள். அதன் பெயர் இலத்தீனில் பிறந்திருக்கலாம். அதன் குரலை நம் காப்பியம் நன்கறியும். நாம் செய்த பிழை, அவ்வாயிற்காட்சியில் வழக்காளியை விட்டுவிட்டு அரியணையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை திருநகரச் சிறப்பை நடத்தும்போது அமைச்சன் ஏன் செத்தான் என்று மாணவரைக் கேளுங்கள். உடையார்குடிக்குச் சுற்றுலா அழைத்துப் போனால், கொன்றது யார் என்பதோடு, தங்கையைக் கட்டியவன் என்ன குற்றம் செய்தான் என்றும் கேளுங்கள். மாவட்ட ஆட்சியரின் ஒரு கையெழுத்தில் ஓராண்டு உள்ளே இருக்கும் ஒருவனைப் பற்றி அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பசுவை அவிழ்த்துவிடுங்கள், பாவம். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அதை மேடை மேடையாக இழுத்துவிட்டோம். அது தன் கன்றுக்காக அழுதது. ஆள்வோருக்குப் புகழ் பாட அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.